இரண்டே பாட்டு

கதாநாயகிக்குப் பதினொரு பாட்டு.
எனக்கு இரண்டே இரண்டு.
முதலாவதில் அழுது ஆளை ஏமாற்ற வேண்டும்,
இரண்டாவதில் சபிக்க வேண்டும்.
பிறகு குளம் உடைத்து நான் சாக வேண்டும்.

கெட்ட ராணிக்கு ஒருத்தரும் வரவில்லை.
பரந்தன் பொதுநோக்கு மண்டபத்தில்
மூன்று ஞாயிறு காத்திருந்தான் றெஜினோல்ட்,
இருபத்தாறு வயதுச் சங்கீத வாத்தி.
கலியாணம் பேசுற பிள்ளையை
ஊரைக் காயப்போடுகிறவளாய் மேடையேற்ற
எந்தத் தாய் விடுவாள்?
எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை.
முப்பத்தெட்டு வயது. இரண்டு பெடியள்.
கலியாணம் ஒருதரம் நடந்து, முடிந்தும் விட்டது.

அரிசி ஆலையில் வேலை.
உமி பறக்கும், எந்திரம் ஒரே சுருதியில் கத்தும்.
அதற்குக் கீழே பேசினால் கேளாது,
மேலே போனால்தான் கேட்கும்.
"சாக்கைக் கட்டு" என்பதைக்கூட
தார ஸ்தாயியில்தான் சொல்லுவோம்.
பதினொரு வருசச் சாதகம் அது,
சம்பளத்தோடு.

றெஜினோல்ட் தன் போனில் காட்டினான்:
எங்கேயோ ஒரு வெள்ளைக்கார மேடை. ஒபெரா என்றான்.
கறுப்பு உடுப்பில் ஒரு ராணி.
"மைக் இல்லை அக்கா, வெறும் தொண்டை, பாருங்கோ."
சொல் ஒன்றும் விளங்கவில்லை. கோபம் விளங்கியது.
சொல் முடிந்த பிறகும் அவள் கோபப்பட்டாள்,
வெறும் ஆ, ஆ, ஆ,
கிளுவை வேலியில் குருவி தாவுகிற மாதிரி,
ஒரு முள்ளிலும் படாமல்.

எங்கள் ராணி துருசைப் பூட்டச் சொல்லுகிறவள்.
மூத்தாள் மகளின் வயல் சாகட்டும் என்று
கதிர் பால்பிடிக்கிற நேரம் பார்த்து.
ஏன் என்று எழுதின ஆள் எழுதவில்லை.
கேட்டேன்.
"அவள் கெட்டவள் அக்கா" என்றான்.
சரி, காரணத்தை நான் வீட்டிலிருந்து கொண்டுவாறன் என்றேன்.

காரணம் செவ்வாய்க்கிழமைகளில் வரும்.
சிவப்பு மோட்டார்சைக்கிள், நீலக் கோப்பு.
கிணற்று மோட்டருக்கு எடுத்த நாற்பதாயிரம்,
கட்டினது எழுபதைத் தாண்டிவிட்டது,
முதல் இன்னும் முதலாகவே நிற்குது.
நிரோஜன் கெட்ட பெடியன் இல்லை.
காசு தரும்வரை எழும்பமாட்டான், அவ்வளவுதான்.
பின்னேரம் மங்கி, லைற் போட்டு,
பிள்ளைகள் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருக்க
எங்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பான்.
நான் சிரிப்பேன். தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ.
கச்சேரியில் சிரித்தேன், வங்கியில் சிரித்தேன்,
பதியப் போன இடமெல்லாம் சிரித்தேன்.
என்னைக் கோபப்படச் சொன்ன முதல் ஆள்
றெஜினோல்ட்தான்.

அன்றிரவு அட்டைக் கிரீடம் வேர்வையில் வளைந்தது.
பின்னால் ஜெனரேற்றர், எனக்குப் பழகின சுருதி.
டிலக்சனா ஏழாம் பாட்டை வடிவாய்ப் பாடி முடித்தாள்,
சனம் கச்சான் உடைத்துக்கொண்டு கேட்டது.
பிறகு நான்.
முன்வரிசையில் நிரோஜன், மடியில் ஒரு சின்னப் பிள்ளை.
அவனுக்கு மகள் இருப்பது எனக்குத் தெரியாது.

"பூட்டு" என்றேன்.
பூ மேல் பஞ்சமத்தில் போய் நின்றது.
டு வரவேயில்லை.
சொல் கரைந்து வெறும் ஊ மிஞ்ச
அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்,
சறுக்கினேன், திரும்ப ஏறினேன்.
கச்சான் உடைபடுகிற சத்தம் நின்றுவிட்டது.
பிள்ளை காதைப் பொத்தினாள்.
அவன் பொத்தவில்லை.

பிறகு குளம் உடைத்தது.
இரண்டு நீலச் சீலையை ஆட்டி என்னை மூடினார்கள்.
சனம் கைதட்டியது, நான் செத்ததற்கு.
சீலைக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு
சிரிக்காமல் கிடந்தேன்.

செவ்வாய் வந்தான்.
கதிரையைத் துடைத்துப் போட்டேன். இருக்கவில்லை.
"பிள்ளை ராத்திரி எழும்பி அழுதவள் அக்கா.
இப்ப வீடு முழுக்கப் பூட்டு, பூட்டு எண்டு
கத்திக்கொண்டு திரியிறாள்."
காசை எண்ணினேன். ஐந்நூறு குறைந்தது.
கோப்பில் என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை.
தேத்தண்ணி வேணுமா என்று கேட்கவும் இல்லை.